கார்த்திக்குக்குக் கல்யாணம் செய்து வைத்த மதினிக்கு

என் மதினி செண்பகவல்லிக்கு,

உன்னோடு கோபித்துக்கொண்டு அதிகபட்சம் பதினோரு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அதுவும் உன் மகன் காது குத்துக்கு எனக்குக் கடைசியாகச் சொன்ன வருஷம். இப்போது நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இவ்வளவு நாள் நாம் பேசாமல் இருந்ததே இல்லை. அதனால் நானே முதலில் பேசுகிறேன். இதையும் என் வழக்கத்தில் இல்லாத காரியம் என்று குறித்துக்கொள்.

உன்னை மதினி என்று கூப்பிட்டாலும் நீ என்று பேசுவதற்காக அம்மாவிடம் எத்தனையோ தரம் திட்டு வாங்கியிருக்கிறேன். என்னைவிட இரண்டு வயது சின்னவளை நீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் ஒருநாளும் கேட்டதில்லை. செத்துப்போனவர்களுக்கு மரியாதை கூட்டி எழுத வேண்டும் என்கிறாள் பேத்தி. நான் கூட்டவில்லை.

இந்தக் கடிதத்தை இங்கே நம் தமிழ்க்காரர்கள் போடும் ஆண்டு மலரில் அச்சடிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையே உனக்குத் திருப்பிச் சொல்வது போல இருக்கும். பொறுத்துக்கொள். பக்கத்தில் நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

முதலில் ஊர்ச் சேதி. காளிகாட் வரைக்கும் பாதாள ரயில் வந்துவிட்டது. வருஷக்கணக்காக ரோட்டைக் கிழித்துப் போட்டிருந்தார்களே, அதற்குள்ளே நானும் பேத்தியும் உட்கார்ந்து போனோம். காற்று குளுகுளு என்று இருந்தது. நீ இருந்திருந்தால் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, வெளியே வெறும் இருட்டு என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே வந்திருப்பாய். அண்ணன் ரிட்டையர் ஆகி உன் மகனோடு துர்காபூரில் இருக்கிறார்.

இனி நான் எழுத வந்த சேதி. கார்டன் ரீச்சில் நம் பாராவின், அதாவது நம் பேட்டையின், துர்கா பூஜைக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். பூஜையை நடத்துகிற கிளப்பில் இதற்காக ஒரு புத்தகம் போடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் தாள்களைக் கிளப் மேஜையில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். என் பேத்தி மீனா வங்காளம் படிக்கிற பெண், பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஆச்சி, பரிசு வாங்கின வருஷத்து போட்டோ போட்டிருக்காங்க. பெரிய ஆச்சி வரைஞ்சாங்கன்னு சொல்லுவீங்கள்ல, அந்தப் படம்."

"கீழ என்னட்டி எழுதியிருக்கு?"

"சித்திரம், கிளப் உறுப்பினர்கள்னு."

எந்த உறுப்பினர், மதினி? சீட்டாடிக்கொண்டிருந்த உறுப்பினரா, கேரம் போர்டில் மாவு தூவிக்கொண்டிருந்த உறுப்பினரா? உன் கையால் வந்ததில் இந்தப் பூமியில் மிச்சம் இருப்பது அந்த ஒரு போட்டோதான். அதன் அடியில் உன் பேர் இல்லை என்றால், நீ என்று ஒருத்தி வரைந்தாள் என்பதற்கே இனி சாட்சி கிடையாது. புத்தகம் வெளியே வந்துவிட்டால் அப்புறம் யாரும் திருத்தப் போவதில்லை.

நீ இங்கே வந்தது அறுபதுகளின் கடைசியில். சென்னை மெயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தே வந்து, ஹவுராவில் இறங்கினாய். அண்ணனுக்கு ரயில்வே ஆபீசில் பியூன் வேலை. என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வெல்டர். நமக்குள் இரண்டு சந்து தூரம். உன் தகரப் பெட்டியை நீ குளிக்கப் போன நேரத்தில் நான்தான் திறந்தேன். நகை என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் திறந்தேன், பொய் சொல்லவில்லை. அடியில் துணி சுற்றி ஒரு நோட்டு இருந்தது. அது நிறையத் தீப்பெட்டி லேபிள்.

கோவில்பட்டியில் நீ கல்யாணத்துக்கு முன் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினவள். மயில், கத்தரிக்கோல், விமானம், கிளி, சக்கரம், ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றை எடுத்து ஒளித்து வைத்திருந்தாய்.

"இது என்ன மதினி, திருட்டா?" என்றேன்.

"ஆமா, திருட்டுத்தான். ஆயிரம் ஒட்டுதேன், ஒண்ணு எனக்கு" என்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய். "என் பெட்டியைத் தொறந்தது மட்டும் என்னவாம்?"

அன்றைக்கே எனக்கு உன்னைப் பிடித்துப்போனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த லேபிள்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நீ வரையப் படித்தாய். வேறு வாத்தியார் கிடையாது. அண்ணன் ஆபீசிலிருந்து ஒரு பக்கம் அச்சடித்த பழைய பாரங்களைக் கட்டாகக் கொண்டு வருவார். நீ அதன் வெள்ளைப் பக்கத்தில் வரைவாய். சிவப்புக்கு ஆல்தா, இங்கே பெண்கள் காலுக்குப் பூசுகிற சாயம். நீலத்துக்கு வேட்டி நீலம், மஞ்சளுக்கு மஞ்சள், கறுப்புக்கு விளக்குக் கரி. என் ஆல்தா பாட்டிலை நீ காலி செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

உலையை வைத்துவிட்டுப் பாரத்தைத் திருப்புவாய். சோறு குழைந்துபோகும். நான் கத்துவேன். "கொழைஞ்ச சோறு பிள்ளைகளுக்கு நல்லது" என்பாய். சந்து முனையில் அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் வெட்டுகிற மீன்காரியை நீ ஒருநாள் வரைந்து கொடுத்தாய். அவள் அதைக் கடைத் தட்டிக்கு மேலே ஒட்டி வைத்தாள். மீன் வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்து கொள்வாள். அந்தச் சந்தில் அவளை அதுவரை யாரும் இரண்டு தரம் பார்த்ததில்லை.

நீ மண்ணிலிருந்து அம்மன் எழுந்து வருவதைக் கண்டது இங்கேதான். மழை ஓய்ந்ததும் கிளப் மைதானத்தில் சிலை செய்கிற கிழவர் வருவார். பால் என்பது சிலை செய்கிறவர்களின் குடும்பப் பேர், நாம் பால் தாத்தா என்போம். அவர் வைக்கோலைக் கட்டி மண் அப்புவதை மார்க்கெட் பையோடு நின்று பார்த்துக்கொண்டே இருப்பாய். காய் வாடிப்போகும். அம்மன் சிலைக்குப் பின்னால் அரைவட்டமாக ஒரு வளைவு வைப்பார்கள். நம் ஊர்த் திருவாசி மாதிரி. அதன்மேல் சிவன், தேவர்கள், கதைகள் எல்லாம் சின்னச் சின்னதாக வரைந்திருக்கும். சால்சித்திரம் என்பார்கள்.

நீ முதல் தரம் வளைவு வரைந்தது ஊரில் கல்லும் குண்டும் பறந்துகொண்டிருந்த வருஷம். வளைவு வரைகிற ஆள் வெளியூரிலிருந்து வரப் பயந்து நின்றுவிட்டார். வெறும் வளைவைப் பார்த்துக்கொண்டு பால் தாத்தா பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"மா, தினமும் நிக்கிறியே, உனக்கு வரையத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றாய், நீ கற்றுக்கொண்ட உடைந்த வங்காளத்தில்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"நீங்க எவ்வளவு இடம் தருவீங்களோ அவ்வளவு."

அவர் சாயத்தில் கலக்கப் புளியங்கொட்டைப் பசையைக் காய்ச்சிக் கொடுத்தபோது நீ சிரித்துவிட்டாய். "எங்க ஊர்ல இதை வறுத்துத் தின்னுருவோம் தாத்தா."

மற்றவர்கள் எல்லோரும் முகத்தில் ஆரம்பிப்பார்களாம். நீ காலில் ஆரம்பித்தாய். வளைவு முழுவதும் முதலில் பாதங்கள் மட்டும் வந்தன. இது யார் கால், இது யார் கால் என்று பிள்ளைகள் வந்து கேட்டுப் போனார்கள். "நிக்க இடம் பிடிச்சிட்டா, முகம் தானா வந்து உக்காரும்" என்றாய். பால் தாத்தா தன் வாழ்நாளில் அப்படி ஒருவர் வரைந்து பார்த்ததில்லை என்று என்னிடமே சொன்னார்.

பூஜை தொடங்குகிற ஷஷ்டி அன்று காலை திரையை எடுத்தார்கள். அதை நான் சாகிற வரை மறக்கமாட்டேன். கிளப் செக்ரட்டரி பாபு பட்டு ஜிப்பாவில் வந்து நின்று வளைவைப் பார்த்தார். வலது பக்கம் மயில்மேல் கார்த்திக். நம்ம முருகன்தான் இவர்களுக்குக் கார்த்திக். அவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி.

"பௌதி, யார் இந்த ரெண்டு பொம்பளைங்க?"

அண்ணன் மனைவியை இங்கே பௌதி என்பார்கள். பாராவுக்கே நீ பௌதி.

"வள்ளி, தெய்வானை. சம்சாரங்க."

"யாரோட சம்சாரம்?"

"கார்த்திக்கோட சம்சாரங்கதான்."

பந்தல் மூங்கிலில் ஏறி விளக்குக் கட்டிக்கொண்டிருந்தவன் ஒருத்தன் கத்தினான். "கார்த்திக் அண்ணே, மாட்டிக்கிட்டீங்க! ஒண்ணு இல்ல, ரெண்டு!" அவ்வளவுதான், மைதானமே சிரித்தது. செக்ரட்டரி பாபு மட்டும் சிரிக்கவில்லை.

"பௌதி, என்ன காரியம் செஞ்சீங்க! கார்த்திக் கல்யாணம் ஆகாதவர். வங்காளத்துல பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்குப் போயி ரெண்டு பொண்டாட்டியா? எல்லாரும் எங்களைக் கேலி பண்ணுவாங்க. அழிங்க!"

நானாக இருந்தால் அழுதிருப்பேன், இல்லை அவர் ஜிப்பாவைப் பிடித்திருப்பேன். முருகன் இங்கே பிரம்மச்சாரி என்று உனக்கு அதுவரை தெரியவே தெரியாது. உன் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்தேன். ஆனால் நீ தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"எங்க ஊர்ல பிள்ளையார்தான் கல்யாணம் ஆகாதவரு. நீங்க வருஷா வருஷம் அவர் பக்கத்துல வாழைக்கன்னுக்குச் சேலை கட்டி, பொண்டாட்டின்னு நிறுத்துறீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

பாபு பிள்ளையார் சிலையைத் திரும்பிப் பார்த்தார். நீ விடவில்லை.

"துர்கா அம்மா அஞ்சு நாள் எங்க வாராங்க? பொறந்த வீட்டுக்கு. மகன் கூட வாராரு, தாத்தா வீடு. மருமகளுங்க எதுக்கு வரணும்? மாமியாரோட பொறந்த வீட்டுக்கு எந்த மருமகளாவது போவாளா? அவங்க வீட்டுல இருக்காங்க. நீங்க அவரைத் தனியாவே பாத்து, கல்யாணம் ஆகலைன்னு நெனச்சுக்கிட்டீங்க."

பாராவில் மூத்த கிழவி ஒருத்தி, பல் இல்லாதவள், பூஜைத் தட்டோடு முன்னால் வந்தாள். "பொண்ணு சரியாத்தான் சொல்லுது" என்றாள். "என் மாமியார் அவ அப்பன் வீட்டுக்குப் போன நாளுதான் எனக்கு நிம்மதி." பிறகு எட்டி, வள்ளிக்கும் தெய்வானைக்கும் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அதற்குப் பிறகு யார் அழிக்கச் சொல்ல முடியும்? பால் தாத்தா மைதானத்தின் மறுமுனையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

தப்பாகத் தொடங்கியது, மதினி. அதை நீ என்னவாக்கினாய்! அடுத்த வருஷம் மழை விட்டதும் பாராப் பெண்கள் உன்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். "பௌதி, இந்த வருஷம் மருமகளுங்க வீட்டுல என்ன பண்றாங்க?" வளைவின் நடுவில் வழக்கமான சிவனும் தேவர்களும் இருப்பார்கள். இரண்டு ஓரத்திலும் உன் இரண்டு பெண்கள். மண்ணெண்ணெய் வரிசையில் வள்ளி நின்றாள். கரண்டு போன வீட்டில் லாந்தரைத் துடைத்தாள் தெய்வானை. காளிகாட்டில் ரயிலுக்குத் தோண்டின குழிமேல் பலகை போட்டிருந்தார்களே, அதில் இருவரும் கைகோத்து நடந்தார்கள். பெருவெள்ளம் வந்த வருஷம் முழங்கால் தண்ணீரில் வள்ளி மயிலைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். அதைப் பார்த்து அழாத பெண் பிள்ளை நம் சந்தில் கிடையாது. எல்லோரும் அப்படித்தானே நடந்தோம், தலையில் எதையாவது வைத்துக்கொண்டு?

நம் ஆட்களும் பார்க்க வந்தார்கள். கரியாஹாட் பக்கத்திலிருந்து பாங்கு ஆபீசர் வீட்டு அம்மா ஒருத்தி, மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சாமியைப் போய் ரேஷன் வரிசையில நிறுத்தலாமா? அபச்சாரம்" என்றாள். "சாமி எங்கம்மா நிக்காரு? சாமி வீட்டுப் பொம்பளைதான் நிக்காங்க. உங்க வீட்டுல எப்படி?" என்றாய். அந்த அம்மா அன்று பிரசாதம் வாங்காமல் போனாள். இந்த மலரை அவள் படித்தால் நல்லது. எனக்கு அவள் கட்டியிருந்த சேலைகூட நினைவிருக்கிறது.

தசமி அன்று எல்லாம் ஆற்றுக்குள் போய்விடும். அம்மன், மண், வளைவு, உன் பெண்கள், எல்லாம். முதல் வருஷம் படித்துறையில் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"உனக்கு வயிறு எரியலையா?" என்றேன்.

"இது கரைஞ்சாத்தான அடுத்த வருஷம் புது வளைவு தருவாங்க" என்றாய். உன் கண் ஆற்றில் இல்லை. அடுத்த வருஷத்தை ஏற்கெனவே வரைந்துகொண்டிருந்தாய்.

பாரங்களில் வரைந்ததெல்லாம், மீன் கடைப் படம் உட்பட, அந்த வெள்ளத்தில் கூழாகிப் போனது. லேபிள் நோட்டும் போனது. ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று உன் மகனிடம் கேட்டேன். "அம்மா சும்மா பொழுதுபோக்குக்கு வரைஞ்சாங்க அத்தை" என்றான். அவனிடம் நான் பேசி எட்டு மாதம் ஆகிறது.

அதனால்தான் அந்த ஒரு போட்டோவுக்காகக் கிளப்புக்குப் போனேன். பத்திரிகைக்காரர்கள் வந்து பார்த்து நம் பூஜைக்குக் கோப்பை கொடுத்த வருஷத்தில் எடுத்த படம். இப்போது செக்ரட்டரி ஒரு சின்னப் பையன்தான், இருபத்தாறு வயது இருக்கும். பழைய செக்ரட்டரி பாபுவும் மூலையில் நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். மூப்பு அவரையும் விடவில்லை. நான் இரக்கப்படவில்லை.

"வாங்க மாசிமா, சா குடிங்க" என்று சித்தி முறை சொல்லி டீயை நீட்டினான் சின்னவன்.

"சா இருக்கட்டும். இதை வரைஞ்ச மெம்பர் யாரு? வரச் சொல்லு. என் முன்னால ஒரு மயில் வரையட்டும்."

"மாசிமா, அப்ப நான் பள்ளிக்கூடமே சரியாப் போகல. ரெஜிஸ்டர்ல இருக்கிறதைத்தான் போட்டோம்."

"பௌதி வரைஞ்சதுன்னு பாராவுக்கே தெரியும்!"

அப்போது பழைய பாபு மெல்ல வாயைத் திறந்தார். என்னை அவர் அக்கா என்கிற மாதிரி தீதி என்பார். "தெரியும் கோமதி தீதி. நான் இல்லைன்னு சொல்லல. பத்திரிகைக்காரங்க வரைஞ்சவங்க பேரைக் கேட்டாங்க. எங்க யாருக்கும் பௌதியோட பேர் தெரியல. அஷ்டமி அன்னைக்குக் காலைல உங்க அண்ணன் வீட்டுக்கே ஆள் அனுப்பினோம். பேரெல்லாம் ஒண்ணும் வேண்டாம், கிளப் பேரையே போட்டுக்கோங்கன்னு பதில் வந்தது."

"யார் சொன்னா அப்படி?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும்.

"கதவைத் திறந்த அம்மா யாரோ."

மதினி, நான்தான் அது.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். இதையும் ஒருநாளும் மறக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பாபுதான் உன் பேரை முழுங்கிவிட்டார் என்று இத்தனை வருஷமும் நான் சொல்லச் சொல்ல, எல்லோரும் நம்பினார்கள். சில நாள் நானே நம்பினேன்.

அந்த வருஷம் நீ வளைவில் லட்சுமியை வரைந்தாய். வங்காளத்தில் லட்சுமியும் சரஸ்வதியும் துர்கையின் மகள்கள். அப்படியென்றால் உன் வள்ளி தெய்வானைக்கு நாத்தனார்கள். வள்ளி அடுப்பில் பருப்பைத் தீய விட்டிருக்கிறாள். லட்சுமி இடுப்பில் ஒரு கையும் நீட்டின விரலுமாக வாசற்படியில் நின்று ஏசுகிறாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி. மோவாயில் மச்சம். பெரிய மூக்கு. சப்தமி அன்று பந்தலுக்குள் நான் நுழைந்ததும் பெண்கள் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "ஓ மா, கோமதி தீதி!" என்றாள் மீன்காரி. பால் தாத்தாகூட வேட்டியால் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை நீ பந்தலில் இருந்தாய். நான் உன் வீட்டில் உன் பிள்ளைக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன், கோபத்தோடு. யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரு ஆள் காகிதமும் பென்சிலுமாக நின்றான். "பௌதியோட பேர் என்ன?" என்றான். செண்பகவல்லி. ஏழே எழுத்து. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "பேரெல்லாம் ஒண்ணும் வேண்டாம். கிளப் பேரையே போட்டுக்கோங்க" என்று கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் மேடையில் கோப்பை கொடுத்தார்கள். கிளப் பேரைச் சொன்னார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். தட்டிக்கொண்டே ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாய். அது என்ன பார்வை, மதினி? உனக்குத் தெரியுமா? வீட்டுக்கு வந்து, "தோசை மாவு மிச்சம் இருக்கா?" என்றுதான் கேட்டாய். அடுத்த வருஷத்து வளைவில் லட்சுமி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், பின்னலும் பூவும் மட்டும் தெரிந்தது. என் மானத்தைக் காப்பாற்ற அப்படி வரைந்தாயா? இல்லை, என் முகத்தில் விழிக்க உனக்குப் பிடிக்கவில்லையா? கேட்க எனக்கு எத்தனையோ மத்தியானங்கள் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினேனே தவிரக் கேட்கவில்லை.

கிளப்பில் அன்று எனக்கு ஒரு வழி இருந்தது. கதவைத் திறந்தவள் வேறு யாரோ என்று விட்டிருக்கலாம். பாபுவுக்கு எதிராகக் கத்திவிட்டு வந்திருந்தால் எல்லோரும் என் பக்கம்தான் நின்றிருப்பார்கள். ஆனால் பேர் வராது. வீட்டுக்காரர்களே வேண்டாம் என்றது ரெஜிஸ்டரில் இருக்கிறதே.

சுவரில் மாட்டியிருந்த அந்தப் போட்டோவைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"கதவைத் திறந்தது நான்தான்" என்றேன். "எனக்குக் கோபம். ஏன் கோபம்னு பாருங்க. இது யார் மூஞ்சி?"

சின்னவன் குனிந்து படத்தைப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திரும்பவும் படத்தைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சிரிச்சிரு தம்பி. பாரா முழுக்கச் சிரிச்சாச்சு. இப்படி ஒரு மூஞ்சியை எந்த மெம்பர் வரைவான்? நாத்தனார் பருப்புச் சட்டியைப் பாக்கிற பார்வை அண்ணன் பொண்டாட்டிக்குத்தான் தெரியும்."

பழைய பாபுவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. ஒருத்தன் தண்ணீர் கொண்டு வந்தான். இருமல் நின்றதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப சொல்லுங்க தீதி. பௌதியோட பேர் என்ன?"

சொன்னேன். அந்தக் கிளப் அறையில் உன் பேர் ஒலித்தது அதுதான் முதல் தரம். பதினைந்து வருஷத்துக்குமேல் அவர்கள் அம்மனுக்குப் பின்னால் நின்று வரைந்தவள் பேர்! அவர்கள் வாயில் அது ஷொண்போக் என்று வந்தது, சம்பா என்று வந்தது. "சம்பா பௌதின்னு போட்டுடுவோமா மாசிமா, எல்லாருக்கும் புரியும்" என்றான் சின்னவன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பௌதி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தானே பேர் இல்லாமல் போனாய்? நானும் மதினி, மதினி என்றே கூப்பிட்டேன். "வங்காளத்துல நீங்க எப்படியும் எழுதுங்க. பக்கத்துல தமிழ்லயும் வரணும், அவ பேர் அவ பாஷையில" என்றேன்.

அச்சாபீசில் தமிழ் எழுத்து இல்லையாம். அப்படியானால் கையால் எழுதிக் கொடுங்கள், அதையே பிளாக் எடுத்துப் போடுகிறோம் என்றான் அவன். மை பேனாவும் வெள்ளைத் தாளும் என் முன்னால் வைத்தான்.

நான் நாலாவது வரைக்கும் படித்தவள். என் கை உனக்குத் தெரியும், கோலப்பொடிக்கே நடுங்கும். அங்கே எழுதவில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். முதலில் "செ" கொம்பு படுத்துக்கொண்டது. அப்புறம் "ண்" சுழி குறைந்தது. பேத்தி எழுதித் தருகிறேன் என்று நின்றாள். "போட்டி அங்கிட்டு, இது நான் எழுத வேண்டியது" என்று விரட்டினேன். பத்தொன்பதாவது தரம் வந்தது. அழகு என்று சொல்லமாட்டேன். படிக்க முடிகிறது.

நேற்று அச்சாபீசிலிருந்து தாள் வந்தது. உன் வளைவு, உன் பெண்கள், என் மூக்கு. அதற்கு அடியில், என் கையெழுத்தில், நீ. மதினி, அந்த மூக்கை நீ கொஞ்சம் சின்னதாக வரைந்திருக்கலாம். அது உன் தப்பு. பேரைச் சொல்லாதது என் தப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே. என்னுடையது கனம்.

ஷஷ்டி அன்று புத்தகம் வெளியே வருகிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பந்தல் வாசலில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். உள்ளே போகிற ஒவ்வொருத்தரையும் உன் பேரைச் சொல்ல வைப்பேன். தப்பாகச் சொன்னால் திருப்பிச் சொல்லச் சொல்வேன். ஐந்து நாளும் எழுந்திருக்கமாட்டேன். இனி யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன், செண்பகவல்லி.

கதவைச் சாத்தின,
உன் நாத்தனார்
கோமதி